வால் தப்பு, சார்: பள்ளி நூலகமும் படம் படிக்கும் பழக்கமும்

மண்டபத்தை ஒட்டிய கடலோரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்கு, நூலகப் பாடவேளையில் பிள்ளைகளோடு உட்கார அவ்வப்போது போய் வருகிறேன். நூலகம் என்றதும் தனிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழாம் வகுப்பின் பின்சுவரோரம் ஓர் இரும்பு பீரோ, அதன் தலையில் நாடுகளின் பெயர் உரிந்துபோன ஒரு உலக உருண்டை, பக்கத்தில் ஆணியில் தொங்கும் நாலைந்து சார்ட்டுகள். அவ்வளவுதான்.

அந்தச் சார்ட்டுகளில் ஒன்று கடல்வாழ் உயிரினங்களைப் பற்றியது. கடையில் வாங்கியது, பளபளவென்று இருக்கும். அதன் மூலையில் 'கடல் பசு' என்று போட்டு ஒரு படம். அதை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சார், இது ஆவுளியா இல்ல. வால் தப்பு."

எங்கள் கரையில் கடல் பசுவுக்கு ஆவுளியா என்று பெயர். போன வருசம் ஒன்று செத்துக் கரை ஒதுங்கியபோது வனத்துறை வந்து அளவெடுத்ததை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அதன் வால் ஓங்கில் (டால்பின்) வால்போல நடுவில் பிளந்து இரண்டாக விரிந்திருந்ததாம். சார்ட்டில் இருந்ததற்கோ தோசைத் திருப்பி மாதிரி வட்டமான ஒற்றை வால். அவன் சொன்னது முழுக்கச் சரி. சார்ட்டுக்காரர்கள் அச்சடித்திருந்தது மேனட்டி என்னும் வேறொரு விலங்கு. அட்லாண்டிக் கரைகளிலும் அமேசான் ஆற்றிலும் வாழ்வது அது, நம் கடலில் கிடையாது. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்வது டுகாங் எனப்படும் ஆவுளியா. 2022-இல் பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது அதற்காகத்தான். சார்ட்டின் கீழே எழுதியிருந்த பெயரையும் எடையையும் நீளத்தையும் நான் பல தடவை வாசித்திருக்கிறேன். வாலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அந்தப் பையன் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கிலக் கல்வி உலகில் 1969-இல் ஜான் டெப்ஸ் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லைத் தமிழில் 'காட்சி எழுத்தறிவு' என்கிறோம். பாடநூல் வாசனை அடிக்கும் சொல். ஒரு படத்தில் என்ன இருக்கிறது, அது யாரால் எதற்காக அப்படி அமைக்கப்பட்டது, எது விடுபட்டிருக்கிறது, அது சொல்வதை நம்பலாமா என்று பிரித்தறிவதும், தான் நினைத்ததைப் படமாக வரைந்து சொல்ல முடிவதும் இதற்குள் அடங்கும். நான் 'படம் படித்தல்' என்றே சொல்வேன். ஏனென்றால் தமிழில் 'படம் பார்த்தேன்' என்றால் தியேட்டருக்குப் போய்வந்ததாக அர்த்தம், 'படம் காட்டாதே' என்றால் அலட்டாதே என்று அர்த்தம். படத்தைப் படிக்கலாம் என்கிற எண்ணம் நம் பேச்சில் இன்னும் உட்காரவில்லை.

எண்ணம்தான் புதிது. கல்விக்குப் படத்தைக் கொண்டுவந்தது பழைய கதை. மொராவியாவைச் சேர்ந்த கொமேனியஸ் 1658-இல் படத்துக்குப் படம் எண் போட்டு, அந்த எண்ணுக்கு எதிரே சொல்லையும் அச்சிட்டுக் குழந்தைகளுக்கென்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். இன்றைய 'அ – அம்மா' அட்டைவரை அந்த வழிதான். இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. படம் சொல்லுக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. 'அணில்' என்று படித்து முடித்ததும் அணில் படத்துக்கு அங்கே வேலையில்லை. நம் வகுப்பறைகளில் படம் இன்றுவரை இந்த நிலையில்தான் இருக்கிறது. படம் நிறைய இருக்கும் புத்தகம் 'சின்னப் பிள்ளைங்க புக்கு'. ஏழாம் வகுப்புக்கு வந்தவன் அதைத் தொட்டால் கூட இருப்பவன் சிரிக்கிறான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே கண்ணால் படித்துப் பழகியவர்கள். தண்ணீரின் நிறத்தை வைத்து அடியில் மணலா, பாரா (பாறைத் திட்டா), கடற்புல்லா என்று சொல்லிவிடுவார்கள். பாசி எடுக்கப் போகும் அம்மாவோடு கரைக்குப் போகும் சிறுமிக்கு மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப் பாசிக்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரத்தில் வரும் விசைப்படகின் முகப்பில் 'ஐஎன்டி – டிஎன் – 10 – எம்எம்' என்று எழுதியிருப்பதில் 10 என்பது நம் மாவட்டம், எம்எம் என்பது விசைப்படகு என்று நாலாம் வகுப்பிலேயே தெரியும். அந்தக் கண், பள்ளி வாசலைத் தாண்டியதும் செருப்போடு சேர்த்து வெளியே விடப்படுகிறது. உள்ளே எழுத்துக்கு மட்டும்தான் மதிப்பெண்.

கலாம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ராமேசுவரத்தில் அவர் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம், மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறந்து திரிந்த பறவைகளின் இறக்கையையும் வாலையும் பார்க்கச் சொன்னார். இதை நல்லாசிரியர் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பட்டது வேறு: பலகைப் படம் தனியாக நின்றபோது ஊமையாக இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று கிடைத்ததும் பேசத் தொடங்கியது.

பள்ளி நூலகத்தின் வேலையும் இங்கேதான் இருக்கிறது. பாடநூல் ஒரு பொருளுக்கு ஒரு படம் தரும், அதன் கீழேயே கேள்வியும் காத்திருக்கும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் படங்கள் நன்றாகவே இருக்கின்றன, க்யூஆர் கோடும் உண்டு. ஆனால் நாற்பது நிமிடத்தில் பாடம் முடிய வேண்டும், படத்தில் யாரும் நிற்க முடியாது. ஸ்மார்ட் வகுப்பின் திரையிலோ படம் வந்த வேகத்தில் போய்விடும். ஒரே பொருளுக்கு இரண்டாவது, மூன்றாவது படத்தை எடுத்துத் தரையில் பரப்பி, மதிப்பெண் பயமில்லாமல் அரைமணி நேரம் பார்க்கக்கூடிய இடம் பள்ளிக்கூடத்தில் ஒன்றே ஒன்றுதான். வால் தப்பு என்று சொல்ல அந்தப் பையனுக்குக் கரை ஒதுங்கிய விலங்கு இருந்தது. துருவக் கரடிக்கோ எகிப்துக்கோ முதலாம் ராஜராஜனுக்கோ அப்படியொரு இரண்டாம் சான்றை அவனுக்குத் தரவேண்டியது பீரோதான்.

அந்த பீரோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டே சொல்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி எந்த வகுப்புவரை உள்ளது என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய்வரை நூலக மானியம் உண்டு. தமிழ்நாட்டில் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் பள்ளிக்கே வருகின்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெலிந்த படப் புத்தகங்களும் வந்தன. 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று வாசிப்பு நிலைகளுக்குப் பெயர் வைத்த அந்தப் புத்தகங்கள் எங்கள் பள்ளியில் கிழியக் கிழியப் படிக்கப்பட்டதை நான் பார்த்தேன். ஆக, புத்தகமே இல்லை என்று புலம்ப முடியாது. ஆனால் நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. பொறுப்பு ஏதோ ஓர் ஆசிரியரின் தலையில். புத்தகம் தொலைந்தால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். அதனால் பீரோ பூட்டியிருக்கும், சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கும். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று 1931-இல் முதல் விதி எழுதிய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர்தான்.

கடலோரத்துக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. எழுத்து மட்டும் உள்ள தடித்த புத்தகம் தாக்குப்பிடிக்கும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் நடுவில் ஊக்கு அடித்தவை. இரண்டே மழைக்காலத்தில் ஊக்கு துருப்பிடித்து, முதலில் கழன்று விழுவது நடுப்பக்கம். இரு பக்கமும் விரிந்த பெரிய படம் அங்கேதான் இருக்கும்! வழவழத் தாள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஒரு மீனின் பாதி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். நாங்கள் துருப்பிடித்த ஊக்குகளைப் பிடுங்கிவிட்டு வலை பின்னும் நைலான் நூலால் தைத்தோம். வலை ஊசியைப் பிடிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒரே மதியத்தில் முப்பது புத்தகம் தைத்தார்கள். பிறகு கயிறு கட்டி அவற்றைத் துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டோம். முதுகு தெரிய அடுக்கினால் பிள்ளைகள் எழுத்தைத் தேட வேண்டும். முகப்புத் தெரியத் தொங்கினால் படமே கூப்பிடும்.

நல்ல படப் புத்தகத்தில் சொல் ஒன்று சொல்லும், படம் அதற்குமேல் இன்னொன்று சொல்லும். 'பாட்டி தூங்கினாள்' என்று எழுதியிருக்கும், படத்தில் பாட்டியின் ஒரு கண் லேசாகத் திறந்திருக்கும். வாசிக்கத் திணறும் பிள்ளைதான் பெரும்பாலும் அந்தக் கண்ணை முதலில் கண்டுபிடிப்பான். எழுத்துக்கூட்டி வேகமாகப் படிப்பவன் பக்கத்தைப் புரட்டிவிட்டிருப்பான். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் இங்கே பத்து நிமிடம் முதல் பெஞ்சுக்காரன் ஆகிறான். படப் புத்தகம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில்களில் இதுதான் எனக்குப் பிடித்தது.

எப்படிக் கேட்பது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுஸனும் மூன்றே கேள்விகளில் அதை அடக்கினார்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? முதலாவதும் மூன்றாவதும் எல்லோரும் கேட்பவை. நடுக்கேள்விதான் முழுச் சூட்சுமமும். 'அவன் அழுகிறான்' என்று ஒரு பிள்ளை சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு இது கஷ்டம். எனக்கும்தான். விடை தெரிந்தவனுக்குச் சும்மா இருப்பதைப்போல் தண்டனை கிடையாது.

இந்தக் கேள்வியோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம், மண்டபத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். கட்டடம் கிழவன் சேதுபதி காலத்தது. சுவரெல்லாம் நிறைந்திருக்கும் ஓவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. ராமாயணம் உண்டு, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் உண்டு, தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் சேதுபதி முன்னால் நிற்பதும் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளை வரிசையாக உள்ளே விட்டு வரிசையாக வெளியே எடுத்துவிடுகிறோம்.

அங்கே இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினங்களால் அபிஷேகம் செய்கிறார். இன்னொன்றில் ராஜராஜேசுவரி அம்மனே அவருக்குச் செங்கோலைக் கொடுக்கிறாள். அரசாளும் உரிமை எங்கிருந்து வந்தது? மதுரையிலிருந்தா, அம்மனிடமிருந்தா? ஒரே மண்டபத்தில் இரண்டு பதில். எந்தப் பதில் யாருக்காக வரையப்பட்டது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அது அரசியல் படிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆனால் அங்கே நின்று கேட்க நேரம் இருக்காது, வேன்காரர் ஹாரன் அடிப்பார். போவதற்கு முந்தைய வாரமும் வந்ததற்குப் பிந்தைய வாரமும் அந்தச் சுவரின் படங்கள் நூலகத்தில் இருக்க வேண்டும். சுற்றுலாவில் எடுத்த போட்டோக்களை நூறு ரூபாய் செலவில் பெரிதாக அச்சடித்து வைத்தாலே போதும்.

அரண்மனைக்குப் போக முடியாதவர்களுக்கு உள்ளூரிலேயே ஒரு பாடம் தொங்குகிறது. பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று வருசா வருசம் செய்தி கேட்கிறோம். பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எழுத்தே தேவைப்படாத செய்தி. எண் 1 முதல் 11 வரை. எண் கூடக் கூடப் புயலின் பலம் கூடுகிறது என்றுதான் நானும் நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். வித்தியாசம் திசையில்: புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. 8, 9, 10 அதே வரிசை, கடும் புயலுக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கரையோரப் பள்ளி நூலகச் சுவரில் சிங்கம், புலி சார்ட்டுக்கு முன்னால் இது இருக்க வேண்டாமா? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கரை இது.

தனுஷ்கோடியைப் பற்றியும் பிள்ளைகளிடம் ஒரே படம்தான் இருக்கிறது: கூரையில்லாத தேவாலயச் சுவர், முன்னால் நின்று செல்பி. அங்கே ரயில் வந்தது, துறைமுகம் இருந்தது, தலைமன்னாருக்குக் கப்பல் போனது என்று சொன்னால் நம்புவதில்லை. 'போட் மெயில்' ரயில் ஓடிய காலத்துப் போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்ததும் ஒரு சிறுமி கேட்டாள், "அந்த வீட்டு ஆளுங்கல்லாம் எங்க டீச்சர் போனாங்க?" இடிந்த சுவரின் படத்தை மட்டும் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை.

படம் சொல்லாததை அதன் வாயில் திணிக்காமல் இருப்பதும் இந்தப் படிப்பில் சேர்த்தி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தீடைகள் (மணல்திட்டுகள்) அட்லஸில் ஒரே நீலத்தில் மறைந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் வெளிறிய கோடாகத் தெரியும். வெளிறிய இடம் ஆழம் குறைந்த இடம் என்பதை எந்த மீனவரும் உறுதிசெய்வார். அந்தப் படம் 2002-இல் உலகம் சுற்றி, அதை வைத்து ராமர் பாலம் பற்றிப் பெரிய வாதங்கள் நடந்தபோது, இவ்வகைப் படங்களால் அந்தத் தீவுவரிசையின் தோற்றத்தையோ வயதையோ சொல்ல முடியாது என்று நாசாவே விளக்கம் தந்தது. நம்பிக்கை, தொல்லியல், நிலவியல் எல்லாம் தனித்தனி விசாரணைகள். படத்திடம் எவ்வளவு கேட்கலாம் என்ற அளவு தெரிந்தால் வகுப்பறையில் சண்டை வராது.

இப்போது வாட்ஸப். மழை வந்தால் போதும், எந்த நாட்டு அலையோ பாம்பன் அலை ஆகிவிடுகிறது. போன வருசம் ஒரு குழுவில் புதுப் பாம்பன் பாலத்தின் 'அபூர்வப் படம்' வந்தது. இரண்டு கைகளும் அண்ணாந்து திறந்திருக்க, நடுவில் கப்பல், பின்னால் மின்னல். பெரியவர்கள் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். அதை நூலக வேளையில் காட்டினேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். "பழைய பாலம்தான் சார் கத்தரிக்கோல் மாதிரி ரெண்டா பிளக்கும். புதுசு லிப்ட் மாதிரி நேரா மேல போகும்." 1914-இன் பாலம் கத்தரி, 2025 ஏப்ரலில் திறந்தது செங்குத்துத் தூக்கு. கம்ப்யூட்டர் வரைந்த படத்தில் இரண்டும் கலந்துபோயிருந்தன. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பது, தேதி தேடுவது எல்லாம் பிறகு சொல்லிக்கொடுத்தேன். நல்ல கருவிகள்தான். ஆனால் சந்தேகம் வந்த பிறகுதான் அவை கைக்கு வரும். சந்தேகம் அந்தப் பெண்ணுக்குப் பாலத்தைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது.

பார்க்காததைப் பற்றியும் அதே சந்தேகம் வரவேண்டுமென்றால் நிறையப் படங்களைச் சாவகாசமாகப் பார்த்திருக்க வேண்டும். வாரம் ஒரு பாடவேளை அதற்குப் போதாது. காலாண்டு, அரையாண்டு நெருங்கினால் அந்த ஒன்றையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கும் பாடம் முடியவேண்டும்.

சார்ட்டை என்ன செய்வது என்று அன்றைக்கே பேச்சு வந்தது. கழற்றிவிடலாம் என்றேன். பையன் வேண்டாம் என்றான். மறுவாரம் ஒரு கோடுபோடாத தாளில் ஆவுளியா வரைந்துகொண்டு வந்தான். உடம்பு கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி இருந்தது, வால் அச்சு அசல். மேனட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். நூலகப் பொறுப்பு டீச்சருக்குத்தான் ஒரு சங்கடம்: சுவரில் இருப்பதெல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும், ஆய்வுக்கு வருபவர் கேட்பார். வரிசை எண் போட்டார், பொருளின் பெயர் 'ஆவுளியா படம் – 1' என்று எழுதினார், வாங்கிய தேதியும் எழுதினார். விலை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தார்.

"அஞ்சு ரூவா போடுங்க டீச்சர்," என்றான். "கலர் பென்சில் ரெண்டு தீர்ந்துபோச்சு."